சீக்கிரம் ஆகட்டும்

"நீதிபதி இன்னும் வரலையா?" நாட்டின் துணைத் தலைவர் எரிந்து விழுந்தார்.

"வந்துட்டாருங்க ஐயா. மைக்தான் மக்கர் பண்ணுது" என்றார் உதவியாளர்.

"அதைத் தூக்கிக் குப்பையில போடுய்யா! இந்தப் பதவிக்கு எத்தனை வருஷமாத் தவம் கிடக்கேன் தெரியுமா?"

மனைவி வந்து அவர் கோட்டைச் சரிசெய்தாள். "நாட்டுக்கே தலைவராகப் போறீங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்களேன்."

"சிரிக்கவெல்லாம் நேரமில்லை!"

நீதிபதியோ ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஆற அமர உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தார். துணைத் தலைவர் வியர்க்க விறுவிறுக்கத் திருப்பிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் எழுந்தது.

தலைவரின் நாற்காலியில் உட்காரப் போனவரை உதவியாளர் ஓடிவந்து தடுத்தார்.

"உக்காராதீங்க ஐயா. ஆஸ்பத்திரியிலேருந்து போன். தலைவருக்குக் கடைவாய்ப் பல்லைப் புடுங்கியாச்சாம், அதுக்குக் குடுத்த மயக்கமும் தெளிஞ்சிடுச்சாம். இனிமே அவரே பாத்துக்குறாராம்."