மறுக்க வேண்டும்

“இதை வெச்சுண்டு புரோகிராம் எழுதறவன் என்னம்மா செய்வான்?”

பட்டாபிராமன் காகிதத்தை மேஜைமேல் போட்டார். கொல்கத்தாவில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பு ஒதுக்கீட்டு அதிகாரி அவர். அடுத்த குவார்ட்டர்ஸ் யாருக்கு என்ற வரிசை இத்தனை காலம் அவர் கையில் இருந்தது. ஒன்றாம் தேதி முதல் அது கம்ப்யூட்டருக்குப் போகிறது.

அந்த சாஃப்ட்வேருக்கு எங்கிருந்து ஆபத்து வரும், எப்படித் தடுப்பது என்று எழுதித்தர வந்தவள் ஷியாமளா. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில் படித்த பெண். வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வாரமாக அவர் அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

“‘உள்ளிருப்பவர்களால் வரிசை மாற்றப்படலாம். தக்க பாதுகாப்பு தேவை.’ தக்கன்னா எவ்வளவு? சோதிச்சுப் பார்த்து சரி, தப்புன்னு சொல்றாப்ல எழுது. யார் என்ன செஞ்சா கம்ப்யூட்டர் என்ன செய்யணும்? அதுதான் வேணும்.”

மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பினார். மறுநாள் காலை எழுதிக்கொண்டு வந்து வைத்தாள்.

‘ஒதுக்கீட்டு அதிகாரி வரிசையை மாற்ற முயன்றால், கம்ப்யூட்டர் மறுக்க வேண்டும். கமிட்டி கூடி முடிவெடுத்தால் மட்டுமே வரிசை மாற வேண்டும்.’

அந்த ஆபீசில் ஒதுக்கீட்டு அதிகாரி என்று இருப்பது ஒருவர்தான்.

மத்தியானத்துக்குள் விஷயம் மாடிவரை போய்விட்டது. பக்கத்து அறை சுபிமல் எட்டிப் பார்த்து, “பட்டாபிதா, சாயங்காலம் போறப்போ பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க” என்று வங்க மொழியில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பட்டாபிராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் யாரிடமும் ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டிகூட வாங்கியதில்லை. ஆனாலும் கூடவே உட்கார்ந்து பார்த்தவளுக்கு இப்படித் தோன்றியிருக்கிறது. அப்படி என்ன தெரிந்தது தன்னிடம்? யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் ஏறியது.

கூப்பிட்டு அனுப்பினார்.

“அந்த வரியை எடுத்துடு.”

“நீங்க கேட்ட மாதிரிதானே சார் எழுதினேன்?”

“திருடன் வராம இருக்க வழி கேட்டா, வீட்டுக்காரனையே திருடன்னு எழுதுவியா?”

அவள் வாய் திறப்பதற்குள் டெலிபோன் அடித்தது. குரலைக் கேட்டதுமே பட்டாபிராமன் எழுந்து நின்றுவிட்டார்.

தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி. அவருடைய அக்கா மகன் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வருகிறான்; அடுத்த மாதம் பாலிகஞ்சில் காலியாகும் ஃப்ளாட் அவனுக்கு வேண்டும். இந்த வாரம் முழுக்க இதே போன்தான்.

முறைப்படி அந்த ஃப்ளாட் நாகலட்சுமிக்குப் போக வேண்டும். புருஷன் இறந்தபின் வேலைக்குச் சேர்ந்தவர். ஹவுராவுக்கு அப்பால், நடக்க முடியாத மகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு தினமும் லோக்கல் ரயிலில் வருகிறவர்.

“பார்க்கறேன் சார்... என் கையில என்ன சார் இருக்கு...”

“எல்லாம் உம்ம கையிலதானேய்யா இருக்கு?” என்று எதிர்ப்பக்கம் கேட்டது அறை முழுக்க ஒலித்தது. அஸ்ஸாம் மூலையில் சில்சாருக்கு மாற்றல் வந்தால் உடம்பு தாங்குமா என்ற விசாரிப்போடு போன் வைக்கப்பட்டது.

பட்டாபிராமன் உட்கார்ந்தார். டிராயரைத் திறந்து பிரஷர் மாத்திரையைத் தேடினார்.

ஷியாமளா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். கூடவே அந்தக் காகிதத்தையும்.

“எடுத்துடட்டுமா சார்?”

அவர் இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை நிதானமாக.

“அப்போ நீ ஆபத்துன்னு நினைச்சது என்னை இல்லையா?”

“அந்த டெலிபோனை சார். இனிமே முடியாதுன்னு சொல்லப்போறது கம்ப்யூட்டர். நீங்க இல்ல.”