சோற்றுக்குப் பின் ஒரு டீ

இளமதியின் மணிக்கட்டில், பனியன் கம்பெனி உடல்நலத் திட்டம் என்று கட்டிவிட்ட பட்டை இருந்தது. ஒவ்வொரு வேளை சாப்பாடு முடிந்ததும் அது ரத்தத்தில் பாலிபீனாலை, அதாவது டீயில் இருக்கும் சத்தை, அளக்கும். குறைந்தால் சிவப்பாகிவிடும். சிவப்பானால் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது வேலை இருக்காது. அதனால் சோற்றுக்குப் பின் பால் ஊற்றாத டீ குடித்தாள்.

ஏழாம் மாதம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியது.

"சோத்தோட டீ குடிச்சா இரும்புச் சத்து உடம்புல சேராதும்மா," என்றார் டாக்டர்.

வளைகாப்பில் வளையல் போட இடைஞ்சல் என்று அத்தை பட்டையைக் கழற்றினார். கணவன் சென்றாயன் அதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டான். அவனும் அதே டீதான் குடித்துவந்தான். பட்டை பச்சையாகவே இருந்தது. பிறகு அவன் அதைத் திருப்பித் தரவில்லை; அவளும் டீயை நிறுத்தினாள்.

ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரிப் படியேறும்போது அவனுக்குத் தலை சுற்றியது. நர்ஸ் இருவருக்கும் ரத்தம் பார்த்தார்.

"உனக்குப் பதினொண்ணு. அண்ணனுக்குத்தான் ஒம்பது. பிரசவம் யாருக்குங்க?"

இளமதி சிரிக்கவில்லை. "கழட்டுங்க மாமா."

"வேல போயிரும் புள்ள."

"போகட்டும்."

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத் தன் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றினார். அங்கே ஏற்கெனவே அதே போன்ற நான்கு பட்டைகள் இருந்தன.

"இங்க கட்டு," என்றார். "எனக்கு எப்படியும் நாள் முழுக்க டீதான்."