மாதுவின் மேல் ஒரு புகார்

மாதுவின் வீட்டு வாசலில் காவியா செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க பாப்பா. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் தரச் சொல்றேன்" என்றார் மாது.

"மோர் குடிக்க வரலைங்க. எங்கப்பாவுக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு கேக்க வந்தேன்."

வத்தல்மலை அடிவாரத்தில் மஞ்சள் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுப்பவர் மாது. ஞாயிறு காலையில் பொம்மிடி, அரூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து நிற்பார்கள். காவியாவின் அப்பா மாயவனும் வைகாசியில் வந்து நின்றார். மூன்று வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

இப்போது ஆடி மாதம். மாயவன் தர்மபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். இரண்டு முறை ரத்த வாந்தி எடுத்துவிட்டார். நேற்றிலிருந்து காவியாவைப் பார்த்து, நீ யாரு என்று கேட்கிறார்.

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். காமாலை என்பது நோயல்ல, உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்பதன் அடையாளம். மாயவனின் கல்லீரலை ஒரு வைரஸ் வருடக்கணக்காகக் கெடுத்துச் சுருக்கியிருந்தது. குடிக்காதவர்களுக்கும் அது வரும். தினம் ஒரு மாத்திரையில் அடக்கி வைத்திருக்கலாம். இனி செய்வதற்கு அதிகம் இல்லை.

"ஆறு மாசம் முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்மா. சரி, கண்ணு மஞ்சளாச்சு, யூரின் கலர் மாறுச்சு, காலு வீங்குச்சு. அப்பவாவது வந்திருக்கலாம். உங்களை யாரு தடுத்தது?"

அந்தக் கேள்விக்குக் காவியாவிடம் ஒரு பெயர்தான் இருந்தது.

விடிந்ததும் உட்கார்ந்து புகார் எழுதினாள். போலீஸுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. அவர்கள் தெருவில் பேங்க் கடிதமோ, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸோ, எது வந்தாலும் அவளிடம்தான் வரும்; அவளும் விளக்கம் எழுதிக் கொடுப்பாள். 'எனக்குத் தெரியலை' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மாவின் தம்பி வீரமணி பக்கத்தில் நின்று, பெயருக்குப் பின்னால் படிப்பையும் மறக்காமல் போடச் சொன்னார். அதைப் பார்த்தால்தான் ஆபீசர்கள் மதிப்பார்களாம்.

அந்தப் புகாரைத்தான் இப்போது கூட வந்திருந்த வீரமணி மாமா மாதுவின் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"சாராய வாடையே ஆகாத மனுசன்யா எங்க மச்சான். இன்னைக்கு ஊரே குடிகாரன்னு பேசுது. கைராசி வைத்தியனாம். போலீஸ் வந்து கேப்பாங்க, அவங்களுக்குக் காட்டு உன் கைராசிய."

மாயவன் முதல் தடவை வந்தபோது மருந்து தரவில்லை என்றார் மாது.

"காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சுங்க. அழுத்துனா குழி விழுந்துச்சு. இது என் வேருக்கு அடங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வந்துட்டாரு. தை மாசம் பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டு ரத்தம் எடுத்தாங்களாம். அந்தச் சீட்டக் கொண்டாந்து காட்டுனாரு. படிச்சவங்களே பாத்து எழுதிக் குடுத்துட்டாங்க, நீ எதுக்குப்பா பயமுறுத்தறன்னு கேட்டாரு."

"உடனே நீயும் அரைச்சுக் குடுத்துட்ட" என்றார் மாமா.

"குடுத்துட்டேங்க. நான் பள்ளிக்கூடமே போகாதவன். படிச்சவங்க சொன்னதுக்கு மேல என்னத்தப் பேசறதுன்னு இருந்துட்டேன். தப்புதான்."

மாமா நம்பவில்லை. அப்படி ஒரு சீட்டு இருந்தால் எடு பார்க்கலாம் என்றார். எடுக்க வேண்டாம் என்பதுபோல மாது தயங்கினார். மாமா விடவில்லை. கடைசியில் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துவந்தார். பின்னால் கேள்வி வந்தால் காட்டலாம் என்று அன்றைக்கே வாங்கி வைத்தாராம்.

மாமா கை நீட்டினார். மாது அதைக் காவியாவின் கையில் கொடுத்தார்.

"வூட்டுக்குப் போயி பாத்துக்கங்க பாப்பா."

"வூட்டுக்கு எதுக்கு? இங்கயே படி" என்றார் மாமா. "இந்தாளாவது ஒண்ணும் தெரியாதவன். படிச்சுப்புட்டு இப்படி எழுதிக் குடுத்தவன் எவன்? டாக்டரா, கம்பவுண்டரா? அவன் பேரையும் புகார்ல சேத்துடு. மொதப் பேரா சேரு."

காவியா தாளைப் பிரித்தாள்.

ஆங்கிலச் சொற்களும் எண்களும். மூன்று வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. அவற்றில் பாதி இப்போதும் அவளுக்குப் புரியவில்லை. அடியில் நீல மையில், தமிழில் இரண்டு வரி.

"என்ன பேரு போட்டிருக்குது பாப்பா?" என்று கேட்டார் மாமா.

மாமாவுக்கும் படிக்கத் தெரியாது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

மாது தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவியா செருப்பைக் கழற்றினாள். பிறகு, மாமாவுக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"பயப்பட ஒன்றுமில்லை அப்பா. எண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, மா. காவியா, பி.காம்."