நல்ல தண்ணீர் மிஷின்

கடல்நீரைக் குடிநீராக்கும் சோலார் மிஷின் நின்று மூன்று நாளாயிற்று. மின்சாரமே இல்லாத அந்தத் தீவில் கடைசிக் குடமும் காலியாகப்போகிறது என்று தகவல் வந்ததும், இன்ஜினியர் படகு பிடித்து ஓடி வந்தார்.

மோட்டாரைத் தட்டினார். குழாய்களைக் கழற்றினார். வடிகட்டியை முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

"யாராவது கை வெச்சீங்களா?"

"ஐயோ, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறோம் சார்!" என்றாள் மிஷினை இயக்கும் பெண்.

"சோலார் பலகையில தூசி படிஞ்சிருக்குமோ?"

"தூசியா? வந்து பாருங்க!" என்று கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

இன்ஜினியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பலகைகளுக்கு மேலே, புத்தம்புதிய ஓலைக் கூரை!

"பாவம், கொளுத்துற வெயில்ல காஞ்சுக்கிட்டு கிடந்துச்சு. ஊரே சேர்ந்து வேய்ஞ்சோம். இப்போ ஒரு பொட்டு வெயில் படாது சார்!"