சொல்ல வேண்டியவள்

"அம்மா சொன்னாத்தான் மிஷினை எடுப்போம்னா என்ன அர்த்தமுங்க டாக்டர்? பெத்த புள்ளைங்க நாங்க ரெண்டு பேரு இருக்கறமல்லங்க?"

அருண்குமார் குரலை அடக்கித்தான் கேட்டான். ஆனாலும் ஐ.சி.யூ.வுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சாயிரா பானு அவனையும் அக்காவையும் அம்மாவையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"நாங்களா முடிவு பண்ணலீங்க தம்பி. உங்கப்பா நல்லா இருக்கும்போதே ரெண்டு சாட்சி வெச்சு, நோட்டரி முன்னால எழுதி வெச்சிருக்காரு. இனித் தேறவே மாட்டேன்னு ஆயிட்டா என்னை மூச்சு மிஷின்ல போட்டு இழுக்க வேண்டாம், அந்த நேரத்துல எனக்காகப் பேச வேண்டியது வள்ளியாத்தாள்னு. கொண்டு வந்த அன்னைக்கு அவசரத்துல மிஷின் வெச்சோம். இப்ப சட்டப்படி ரெண்டு டாக்டர் குழு தனித்தனியாப் பாத்தாச்சு. ரெண்டு குழுவும் கையை விரிச்சுட்டாங்க. அம்மாவோட சம்மதம் மட்டுந்தான் பாக்கி."

மோகனப்பிரியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "காத்தால நான் கையைப் புடிச்சப்ப அப்பா வெரலை அசைச்சாருங்க."

"அது நரம்பு தானா இழுக்கறதுங்கம்மா. அவருக்கு அது தெரியாது."

வள்ளியாத்தாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தறிப் பட்டறையில் மயங்கி விழுந்த அப்புசாமியைச் சோமனூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்த மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் போய், கோபியிலிருந்து பஸ் ஏறி வந்தவள் அவள். அன்றிலிருந்து பிள்ளைகள் மாறி மாறி உள்ளே போய்ப் பார்த்தார்கள். இவள் கண்ணாடிக் கதவு வரைக்கும் போவாள், நிற்பாள், திரும்பி வந்துவிடுவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், 'நெஞ்சழுத்தக்காரி' என்று அவள் காதில் விழும்படியே பேசிவிட்டுப் போனார்கள்.

"ஊருக்குள்ள என்னங்கம்மா பேசுவாங்க?" என்றான் அருண்குமார். "வெச்சுப் பாக்க மாட்டாம அப்பனைக் கொன்னுபோட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?"

"பேசட்டும் கண்ணு. படுத்துக் கெடக்கறது ஊரு இல்ல, உங்கப்பன்."

"இருந்தாலும் நாமளே எப்படீங்கம்மா..."

"காளிச்சாமியை ஞாபகம் இருக்குதா?"

இருவரும் நிமிர்ந்தார்கள். காளிச்சாமி அப்புசாமியின் சிநேகிதர். கழுத்தில் ஓட்டை போட்டு, மூக்கில் குழாய் செருகி, மாதக்கணக்கில் கிடந்து செத்துப்போனவர்.

"உங்கப்பன் வாரா வாரம் போயிப் பாத்துட்டு வருவாரு. ஒரு நாளு காளிச்சாமி கண்ணுல இருந்து தண்ணி வந்துச்சாம். தொடைக்கக் கை எந்திரிக்கலை. இவரு துண்டால தொடைச்சு உட்டாராம். மறுபடியும் தண்ணி வந்துச்சாம். 'நான் போனதுக்கப்பறம் ஆரு தொடைச்சிருப்பாங்க'ன்னு எங்கிட்டக் கேட்டாரு. அப்பத்தான் எழுதி வெச்ச விஷயத்தையும் சொன்னாரு."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே," என்றாள் மோகனப்பிரியா.

"சொல்லியிருந்தா எழுத உட்டிருப்பியா அம்மணி?"

மோகனப்பிரியா இல்லை என்று தலையை ஆட்டினாள். தம்பியின் தோளில் சாய்ந்து அழுதாள். அருண்குமார் அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன்தான் பேசினான்.

"செரிங்கம்மா. அப்பா இஷ்டப்படியே ஆகட்டும். நாங்க ரெண்டு பேரும் குறுக்க நிக்கலீங்க."

டாக்டர் நாற்காலியை வள்ளியாத்தாளுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வலி தெரியாம மருந்து குடுத்துத்தான் எடுப்போம். நீங்க மூணு பேரும் கூடவே இருக்கலாம். ஒரு வார்த்தை மட்டும் நீங்க சொல்லோணுங்கம்மா. எடுத்துடலாங்களா?"

வள்ளியாத்தாள் வாயைத் திறந்தாள். இத்தனை நேரம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன வாயில் ஒரு சொல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். மறுபடியும் முயன்றாள்.

"வேண்டாங்க," என்றாள். "இருக்கட்டுங்க. எடுக்காதீங்க."

"அம்மா?" அருண்குமார் எழுந்து நின்றுவிட்டான். "இத்தனை நேரம் நீங்கதானுங்களே எங்களுக்குச் சொன்னீங்க? உங்களை நம்பித்தானுங்களே அப்பா பேரைக் குடுத்திருக்காரு?"

"எதை நம்பிக் குடுத்தாருன்னு உனக்குத் தெரியாது கண்ணு."

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. மகனைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"கோர்ட்டுல விவாகரத்து வாங்கிட்டுப் போன மனுசன், அதுக்கப்பறம் மொத தடவையா எம்பட வாசல்ல வந்து நின்னு, 'பாசம் வெச்சவங்க ஆரும் என்னைய உட மாட்டாங்க, எம்மேல துளியும் பாசமில்லாதவ நீ ஒருத்திதான், அதனாலதான் உம்பேரைக் குடுத்திருக்கறேன்'னு சொன்னாருங்க. அது அப்படியில்லீங்கன்னு அன்னைக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுங்க."