பத்து மீட்டர்

நான்காவது தடவையும் போன் கணினியோடு சேரவில்லை. மாஜிதா நோட்டில் நான்காம் எண்ணுக்கு எதிரே பெருக்கல் குறி போட்டாள். தப்பு தன்மேல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நோட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது. புளூடூத் இரண்டிலும் ஆன். இரண்டையும் அணைத்துப் போட்டாயிற்று. போன் பத்து மீட்டருக்குள் இருந்தால்தான் இணையும். போன வாரம் வேல்ராஜ் சார் நடத்தியபோது அடிக்கோடிட்டு எழுதியது. அவள் போன், வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியை ஒட்டியேதான் கிடந்தது. நேற்று வீட்டில் ஒரே தொடலில் சேர்ந்த போன்.

ஏழு மணிக்குள் பாஸ்போர்ட் படமும் நிக்காஹ் சான்றிதழும் புருஷனுடைய கம்பெனியின் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். ஏறினால் சார்ஜாவுக்கு விசா. கல்யாணமான மூன்று வருடத்தில் யஹ்யாவோடு அவள் இருந்தது எழுபத்தோரு நாள்.

முன்பு இரண்டு முறை வாட்ஸப்பில் அனுப்பியதை, எழுத்து மங்கலாக இருக்கிறது, கம்பெனியில் சிரிக்கிறார்கள் என்று யஹ்யா தள்ளிவிட்டான். கேபிளை மாட்டினால் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. மிச்சம் இருந்தது இந்த ஒரு வழி.

மாலைக் கணினி வகுப்பு தென்காசியில் குற்றாலம் ரோட்டில் ஒரு மாடியில் நடந்தது. ஒரே சுவர், அதற்கு அந்தப் பக்கம் லாட்ஜ். சீசன் என்பதால் அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களின் பேச்சும் வாளிச் சத்தமும் பாடத்தோடு சேர்ந்தே காதில் விழும். வகுப்பு எங்கே நடக்கிறது என்று யஹ்யா ஒருநாளும் கேட்டதில்லை. எதற்கு என்று மட்டும் கேட்பான்.

வேல்ராஜ் வந்து திரையைப் பார்த்தார். "பழைய லேப்டாப்பும்மா. ஒரு நேரத்துல ஒண்ணோடதான் ஒட்டும். இது ஏற்கெனவே வேற ஒரு போனப் பிடிச்சுக்கிட்டு நிக்கி."

பட்டியலில் யஹ்யா என்ற பெயர் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், இணைந்துள்ளது. போன லீவில் வந்தபோது பாட்டுக் கேட்பதற்காக அவன் சேர்த்துவைத்தது. பழைய நினைவில் இன்னும் காட்டுகிறதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதை அழித்துவிடச் சொல்லிவிட்டு வேல்ராஜ் அடுத்த மேசைக்குப் போனார். அவளுக்குக் கை வரவில்லை. புருஷன் பெயரை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அழிப்பது? போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தான். தாழ்ந்த குரலில் பேசினான்.

"என்னட்டி, வேலை நேரத்துல?"

அவள் விவரத்தைச் சொன்னாள்.

"அழிச்சுத் தொலை. இதக்கூடக் கேக்கணுமா? ஆறு மாசமா என்னத்தப் படிக்கேன்னு தெரியல. இன்னைக்கும் வரலன்னா இனி அடுத்த வருசந்தான், பாத்துக்க."

"சரி மச்சான்."

சன்னலுக்கு வெளியே பள்ளிவாசலில், பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபுக்குப் பாங்கு எழுந்தது. அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"பாங்கு சொல்லுதாவ. தொழப் போணும், வையி" என்று அவன் துண்டித்தான்.

திட்டினாலும், தொழுகையை விடாமல் இருக்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு நிமிடம் மனம் நிறைந்தது.

பெயரை அழித்தாள். அவளுடைய போன் உடனே சேர்ந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது. படிவம் முழுவதும் நிரம்பி, அனுப்பு என்ற பொத்தான் பச்சையாக மாறியது.

அடுத்த முறை தடுமாறக் கூடாது என்று முதலில் நோட்டைத் திறந்தாள். 'கோளாறு: யஹ்யாவின் போன் இணைந்திருந்தது' என்று எழுதினாள். மேலே அடிக்கோடிட்டிருந்த வரியில் கண் போய் நின்றது. இரண்டையும் மாறி மாறி மூன்று முறை படித்தாள்.

தான் எதையோ தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று தோன்றியது. சரிபார்க்கப் போனை எடுத்தாள். கல்யாணமான நாள் முதல் அதன் முகப்பில் இரண்டு கடிகாரங்கள் வைத்திருந்தாள். தென்காசி ஆறு ஐம்பத்திரண்டு. சார்ஜா ஐந்து இருபத்திரண்டு. அங்கே பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"மணியாகுதும்மா, அனுப்பிரு. சார்ஜாவுல உங்க வீட்டுக்காரரு காத்துக்கிட்டு இருப்பாரு" என்றார் வேல்ராஜ்.

மாஜிதா மடிக்கணினியை மூடினாள்.

"வேண்டாம் சார். அவுக இந்தச் செவத்துக்கு அங்கிட்டுதான் இருக்காவ."