பேஷண்டைப் பேச விடுங்க

“நான் பேஷண்டோட பேச வந்திருக்கேன். உங்களோட இல்ல” என்றாள் யுவராணி.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமி எழுந்து ஸ்டூலுக்கு மாறினார். லுங்கி கட்டி, தோளைச் சுற்றிப் பெரிய துண்டைப் போர்த்தியிருந்தார். அவள் உள்ளே வந்ததிலிருந்தே திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார்.

“கூட வந்தவங்க கட்டில்ல உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது. ரூல்ஸ் தெரியும்ல?”

“தெரியும் மேடம். நேத்தே நர்சம்மா சத்தம் போட்டாக.” சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்து, கட்டிலில் சுருண்டு கிடந்த மனைவி முனீஸ்வரியின் கழுத்து வரை மூடிவிட்டார்.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் யுவராணி வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ‘நோயாளி உரிமை அலுவலர்’ என்று கழுத்தில் அட்டை தொங்கியது. என்ன வியாதி, என்ன வைத்தியம் என்று நோயாளிக்குப் புரிய வைக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். அவருடைய ரகசியத்தைக் காக்க வேண்டும். ஆறாம் நம்பர் ரூமில் இன்றைக்கு ஆபரேஷன், ஒரு எட்டு பார்த்துவிடுங்கள் என்று நர்ஸ் போனில் சொன்னதும் படியேறி வந்துவிட்டாள்.

“அம்மா, கொஞ்சம் கண்ணு முழிக்கிறீங்களா?”

“எழுப்பாதீக மேடம்” என்று சீனிச்சாமி பதறினார். “இப்பத்தான் கண்ணசந்தா. எதுன்னாலும் எங்கிட்ட கேளுங்க, நான் சொல்லுதேன்.”

யுவராணிக்குச் சுருக்கென்றது. அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது டாக்டரிடம் பேசியதும் அப்பாதான், தலையாட்டியதும் அப்பாதான். எடுத்தது எது என்று அம்மாவுக்குத் தெரியவே ஒரு மாதம் ஆனது. அந்தக் கோபத்தில்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

“அவங்களுக்கு வாய் இருக்குல்ல? அவங்க பேசட்டும்.”

சீனிச்சாமி ஸ்டூலில் இருந்தபடியே அவள் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரி மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வயித்தக் கிழிக்கையில முழிப்பு இருக்குமா, இருக்காதா?” என்றார்.

“அதெல்லாம் பேஷண்டுக்கு மட்டும்தான் சொல்லணும். அடுத்தவங்களுக்குச் சொல்லக் கூடாது.”

“யாருகிட்ட கேட்டாலும் பொறவு சொல்லுதோம்னு போயிருதாக. நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிடுது.”

“உங்க நெஞ்சு இருக்கட்டும்” என்றாள் யுவராணி.

கேண்டீன்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டி, டீ வேண்டுமா என்று கேட்டார். சீனிச்சாமி அவர் கையிலிருந்த தூக்குவாளியை ஆசையாகப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். பெண்டாட்டி பட்டினி கிடக்கையில் தான் மட்டும் குடிக்கக் கூடாது என்ற அளவுக்காவது மனுஷனுக்கு வெட்கம் இருக்கிறதே என்று யுவராணி நினைத்துக்கொண்டாள்.

“நீங்க செத்த நேரம் வெளிய இருங்க. நான் கூப்பிடுற வரைக்கும் உள்ள வரக் கூடாது.”

ஸ்டூலை விட்டு எழுவதற்கே அவர் ஏகப்பட்ட நேரம் எடுத்துக்கொண்டார். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனார். வேண்டுமென்றேதான் இழுக்கிறார் என்பதில் யுவராணிக்குச் சந்தேகமே இல்லை. கதவைச் சாத்தித் தாழையும் போட்டாள்.

முனீஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். பஞ்சு மில்லில் வேலை என்பது பார்த்ததுமே தெரிந்தது; தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பாவம், தலையைச் சீவிவிடக்கூட ஆளில்லை.

“அம்மா, அவரு வெளிய போயிட்டாரு. இனிமே பயப்படாமப் பேசலாம். அவருக்கு நீங்க ரொம்பப் பயப்படுவீங்களா?”

“ம்ம்” என்றாள் முனீஸ்வரி, கண்ணைத் திறக்காமல்.

“டாக்டர் உங்ககிட்ட எதாவது சொன்னாரா?”

“எங்கிட்ட யாரு சொல்லுதா?”

“இந்த ஆபரேஷன் செய்றதுக்கு உங்களுக்குச் சம்மதமா?”

முனீஸ்வரி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். “எனக்கெதுக்கு ஆபரேஷன்? என்னையச் செத்த தூங்க விடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

யுவராணி போனைக் கையில் எடுத்தாள். நினைத்தது சரியாகப் போயிற்று. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வெளியே வராந்தாவில் சக்கர நாற்காலி உருண்டு வந்து நின்ற சத்தம் கேட்டது. “ஆறாம் நம்பர் ரூம் கேஸ் ரெடியா?” என்று ஒரு ஆண் குரல் கேட்டது. கதவைத் தட்டினார்கள்.

யுவராணி தாழை விலக்கிவிட்டு, ஓடி வந்து கட்டிலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். “பேஷண்டுக்குச் சம்மதமில்ல! எனக்குத் தெரியாம இவங்கள யாரும் தொடக் கூடாது!”

கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பு உயரத்தில் சீனிச்சாமியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அவர் யுவராணியைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டார்.

“ஆமா மேடம், தொடாதீக, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருக்கா, நான் ஆபரேஷனுக்குப் போயிட்டு வாரேன்.”